செய்தவர் பெயர் தெரியவில்லை

தங்கை: ...அதனால தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. அவ்வளவுதான்.

அக்கா: எது தொலைஞ்சு போச்சு?

தங்கை: அந்துப்பூச்சி ப்ரூச்.

அக்கா: என் டிராயர்ல இருந்து ஒரு குண்டூசி தொலைஞ்சதில்ல இதுவரைக்கும். பழைய கவரிங் நகை சேக்கற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

தங்கை: வீடு மாத்தும்போது...

அக்கா: வீடு மாத்தி இருபது வருஷம் ஆச்சு. அந்த ப்ரூச் வந்து எட்டு வருஷம். பொய் சொல்றதுன்னா கொஞ்சம் யோசிச்சாவது சொல்லணும்டி.

தங்கை: அப்ப திருட்டுப் போச்சுன்னு சொல்லு.

அக்கா: இந்த ரூம்ல சேலையில குத்திக்கற ப்ரூச் நானூத்திப் பதினெட்டு இருக்கு. திருடன் நிதானமா லென்ஸ் வெச்சுப் பாத்து, ஒண்ணே ஒண்ணை எடுத்துட்டுப் போனானாக்கும்? அதுவும் பித்தளையை?

தங்கை: சிரிக்காதேக்கா. பதினோரு மணிக்கு அந்தம்மா வந்துடுவாங்க.

அக்கா: இப்ப மணி என்ன?

தங்கை: பத்தேகால்.

அக்கா: அப்ப உக்காரு. டீயைக் குடி. வலது கையால பிடி, நொட்டாங்கை. போன தடவை மேஜை விரிப்பு போச்சு.

தங்கை: முப்பத்தொம்பது வயசாச்சு எனக்கு. இன்னும் நொட்டாங்கையா?

அக்கா: கை மாறிடுச்சா என்ன? சரி, மூஞ்சியைத் தூக்காதே. முதல்ல இருந்து சொல்லு. போன்ல நீ அழுததுல பாதி புரியல.

தங்கை: இந்த மாசம் எங்க கம்பெனி புதுசா பூச்சி வரிசைன்னு ஒண்ணு விட்டிருக்கு. வண்டு, தட்டான், எறும்பு. அதுல முதல் நகை என்னோடது. அந்துப்பூச்சி. ஒரு சிறகு விரிஞ்சு, ஒரு சிறகு மடங்கி. போஸ்டர் பூரா அதுதான்.

அக்கா: பாத்தேன். பஸ் ஸ்டாப்புல ஆள் உயரத்துக்கு வெச்சிருக்காங்க.

தங்கை: போன வாரம் எவனோ ஒருத்தன் நீ எழுதின நகைப் புஸ்தகத்துல இருக்கற படத்தையும் எங்க போஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ஊரெல்லாம் சுத்த விட்டுட்டான். ‘எழுபது வருஷத்துப் பழைய நகையை அப்படியே திருடிட்டாங்க’ன்னு.

அக்கா: அதையும் பாத்தேன்.

தங்கை: பாத்துட்டு ஒரு வாரமா சும்மாவா இருந்தே?

அக்கா: நீயே கூப்பிடுவேன்னு இருந்தேன்.

தங்கை: அதான் கம்பெனி சட்டப் பிரிவுல இருந்து ஆள் அனுப்பறாங்க. நேர்ல அதைக் கையில வாங்கிப் பாத்து, பழசுதான்னு அவங்க எழுதிட்டாங்கன்னு வை, இன்னிக்குச் சாயங்காலமே என்னை அனுப்பிடுவாங்க. வேலை போனாக்கூடப் பரவால்ல. திருடின டிசைனர்னு பேர் வந்துட்டா இந்தத் தொழில்ல ஒருத்தனும் கதவைத் திறக்க மாட்டான். பதினாலு வருஷம்க்கா.

அக்கா: நீ திருடினியா? உன்னைத்தான் கேக்கறேன்.

தங்கை: இல்ல.

அக்கா: என்னோடதைப் பாத்துச் செஞ்சியா?

தங்கை: இல்லன்னு சொல்றேன்ல.

அக்கா: அப்புறம் எதுக்குடி அது தொலைஞ்சு போகணும்?

தங்கை: ஏன்னா... இல்லன்னு சொன்னா யாரு நம்புவா? நீயே நம்பலையே.

அக்கா: நான் நம்பறேனா இல்லையான்னு இன்னும் சொல்லவே இல்ல.

தங்கை: அக்கா... ஒண்ணு கேக்கட்டுமா? அதை நீ கடைசியா எப்ப சோதிச்சுப் பாத்தே?

அக்கா: எதுக்குச் சோதிக்கணும்?

தங்கை: சும்மாதான். நீ எதையும் மூணு தடவை பாக்கறவளாச்சே. வெந்நீர்ல காட்டி மோந்து பாப்பே. லென்ஸ் வெச்சுப் பாப்பே...

அக்கா: வெந்நீர் பழைய பிளாஸ்டிக்குக்கு. சூடு பட்டா மருந்து நாத்தம் வரும், அதை வெச்சுக் கண்டுபிடிக்கலாம். இது பித்தளையும் கண்ணாடிக் கல்லும். இதை வெந்நீர்ல காட்டினா கல்லுக்குப் பின்னாடி இருக்கற ஜிகினா கறுத்துப் போயிடும். கல்லு செத்துடும்.

தங்கை: சரி, அப்ப ஊதா விளக்கு? கள்ள நோட்டு பாக்கறதுக்கு வெப்பாங்களே, அந்த மாதிரி உன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல. அதுல காட்டிப் பாரேன்.

அக்கா: பேட்டரி இல்ல.

தங்கை: டிவி ரிமோட்ல இருக்கும்.

அக்கா: அது வேற சைஸ்.

தங்கை: ரெண்டும் ஒரே சைஸ்தான்க்கா. அந்த விளக்கை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அக்கா: எனக்கு எதுவும் சோதிக்க வேண்டாம். கல்லைப் பாத்தாலே போதும். அந்தச் சாம்பல் நிறம் இப்ப யாருக்கும் வராது.

தங்கை: கல்லு பழசா இருக்கலாம். நகை பழசா இருக்கணும்னு என்ன இருக்கு?

அக்கா: ஓ. எனக்குப் பாடம் எடுக்கறியா? கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, பட்டனைத் தட்டினா மெழுகுல அச்சு வந்து விழுது. கல்லைக் கொக்கி போட்டுப் பிடிக்கறதுகூடக் கிடையாது, ஒரு சொட்டுப் பசை. அதுக்குப் பேரு நகை. நீ எனக்குச் சொல்லித் தர்றே.

தங்கை: உன் காலத்து ஆளுங்க மட்டும் என்னவாம்? உலகச் சண்டை நடந்தப்ப உலோகம் கிடைக்கலன்னு மரத்துலயும் பிளாஸ்டிக்லயும் பண்ணினாங்கன்னு நீதானே எழுதியிருக்கே. கையில கிடைச்சதை வெச்சுப் பண்ணினாங்க. நாங்களும் அதைத்தான் பண்றோம்.

அக்கா: அவங்க பயமில்லாமப் பண்ணினாங்க. தங்கத்துல கை வெக்கறவன் பயந்து பயந்துதான் வெப்பான், தப்பாப் போனா உருக்கணும். பித்தளைன்னா பயமே கிடையாது. மனசுல வந்தது கையில வரும். அதுக்காகத்தான் நான் தங்கத்தை விட்டுட்டு இதைச் சேக்கறேன். சொந்தக்காரங்க எல்லாம் வக்கில்லாதவ, கவரிங்கைப் பூட்டி வெச்சிருக்கான்னு பேசினாலும்.

தங்கை: அந்துப்பூச்சியைச் செஞ்சவங்களுக்கும் பயம் இல்லையா?

அக்கா: கொஞ்சம்கூட இல்ல.

தங்கை: அப்படின்னா ஏன்க்கா நீ அதை ஒரு தடவைகூடப் போட்டுக்கல? எட்டு வருஷத்துல ஒரு கல்யாணம், ஒரு விழா? மத்ததெல்லாம் மாத்தி மாத்திக் குத்திக்கறே.

அக்கா: பழசைப் போட்டுத் தேய்க்கக் கூடாது.

தங்கை: தொண்ணூறு வருஷத்து வண்டைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போறே!

அக்கா: இப்ப அந்தம்மா வந்தா என்ன சொல்றதுன்னு பாப்போமா, இல்ல நான் என்ன போட்டுக்கறேன்னு பாப்போமா?

தங்கை: விளக்கை எடு.

அக்கா: மாட்டேன்.

தங்கை: எங்க இருக்கு? இந்த டிராயரா?

அக்கா: டிராயரைத் தொடாதேடி!

தங்கை: அப்ப நான் வாயாலதான் சொல்லணும்.

அக்கா: ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

தங்கை: அதை நான்தான் செஞ்சேன். காதுல விழுந்துச்சா?

அக்கா: போஸ்டர்ல இருக்கறதையா?

தங்கை: உன் டிராயர்ல இருக்கறதை. கல்லு அஞ்சும் நிஜமாவே பழசு. உடைஞ்ச காதுக் கிளிப்புல இருந்து பிடுங்கினேன். உடம்பு வெறும் பித்தளைத் தகடு, கையால அறுத்தேன். வினிகரும் உப்பும் போட்டு ஒரு டப்பாவுல மூடி மூணு வாரம் வெச்சேன். பச்சைக் களிம்பு அழகாப் பூத்து வந்துச்சு. அப்புறம் ஊசியால கல்லுக்குப் பின்னாடி ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன், ஜிகினா கறுக்கட்டும்னு. அதுவும் ரெண்டு கல்லுக்கு மட்டும். அஞ்சும் ஒரே மாதிரி செத்திருந்தா நீ சந்தேகப்படுவே.

அக்கா: போதும்.

தங்கை: பசை மட்டும் இப்பத்துப் பசை. ஊதா விளக்குல காட்டினா பளீர்னு நீலமா எரியும். அதான் எடுன்னேன். நான் சொல்லாம நீயே பாத்துக் கண்டுபிடிச்சா நல்லா இருக்கும்னு நெனச்சேன்.

அக்கா: நல்லா இருக்குடி கதை. மாட்டிக்கிட்டவ எவளும் இதைத்தான் சொல்லுவா. ‘நான் அதைப் பாத்துச் செய்யல, அதையே நான்தான் செஞ்சேன்.’

தங்கை: ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தை. ஒரு பக்கம் உடைஞ்ச மூக்குக் கண்ணாடி போட்ட கிழவன். சிகரெட் டப்பாவுல பஞ்சு வெச்சு, அதுக்குள்ள இருந்து எடுத்துக் கொடுத்தான். சரியா? அவன்கிட்ட நான்தான் கொடுத்து வெச்சேன். எங்க அக்கா வருவா, பச்சைக் கைப்பை வெச்சிருப்பா, அவளுக்கு மட்டும் காட்டுன்னு.

அக்கா: எதுக்கு? என்னை மடச்சியாக்கிப் பாக்கவா?

தங்கை: ஆமா.

அக்கா: ஆமாவா?

தங்கை: அதுக்கு நாலு மாசம் முன்னாடி உன்கிட்ட என் நோட்டைக் கொண்டாந்து காட்டினேன். ஞாபகம் இருக்கா? நான் சொந்தமா வரைஞ்ச முதல் டிசைன் நோட்டு. முழுசாப் புரட்டக்கூட இல்ல நீ. ‘உனக்குப் பாத்துச் செய்ய வரும்டி, சொந்தமா ஒண்ணும் வராது’ன்னே. இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு.

அக்கா: நல்லதுக்குத்தான் சொன்னேன்.

தங்கை: அந்தக் கெட்ட கோவம். உன் கண்ணையே ஏமாத்திட்டா என் கை நல்ல கைன்னு எனக்கு நானே... அவ்வளவுதான். நீ வாங்கிட்டு வந்து ஒரு வாரம் தரையில நடக்கல. நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

அக்கா: எட்டு வருஷமாச் சிரிச்சுக்கிட்டு இருக்கே.

தங்கை: இல்ல. உன் புஸ்தகம் வந்ததும் சிரிப்பு போச்சு. பக்கம் அறுபத்தி மூணு. முழுப் பக்கம், கலர்ல. ‘இந்தத் தொகுப்பின் உயிர் இது. இவ்வளவு துணிச்சலான கை வேறெங்கும் என் கண்ணில் படவில்லை. செய்தவர் பெயர் தெரியவில்லை.’ எனக்கு மனப்பாடம்க்கா. ராத்திரி படுத்தா அதுதான் ஓடும். என்னைத் துணிச்சலான கைன்னு நீ சொல்லிட்டே, ஆனா என்கிட்ட சொல்லல.

அக்கா: அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே.

தங்கை: எப்படிச் சொல்ல? புஸ்தகம் வந்தாச்சு. மியூசியத்துல இருந்து உன்னைக் கூப்பிடறாங்க, ஏலக் கம்பெனி கூப்பிடுது. நீ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னு நூறு பேர் நம்பறான். நான் வந்து வாயைத் திறந்தா?

அக்கா: சொந்தத் தங்கச்சி பண்ணின கவரிங்கைக் கண்டுபிடிக்கத் தெரியாதவ, இவ பாத்துச் சொன்ன மத்ததெல்லாம் என்ன லட்சணம்னு கேப்பான்.

தங்கை: அதான் வாயை மூடிக்கிட்டேன்.

அக்கா: மூடிக்கிட்டவ மூடிக்கிட்டே இருந்திருக்கணும். மறுபடியும் அதையே எதுக்குடி செஞ்சே? உலகத்துல வேற பூச்சியே இல்லையா?

தங்கை: என்னோடதுக்கா அது! யாரோ பேர் தெரியாதவன் கணக்குல கிடக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேர்ல வெளியில வரணும்னு ஆசைப்பட்டேன். அது எந்தப் பூச்சின்னாவது உனக்குத் தெரியுதா? அம்மாவோட தையல் மெஷின் விளக்குல வந்து உக்காருமே. ஒரு சிறகைச் சுட்டுக்கிட்டு, மடக்கி வெச்சுக்கிட்டு.

அக்கா: ஞாபகம் இல்ல.

தங்கை: நோட்டு அட்டையில ஏத்தி ஜன்னல் வழியா நான் வெளியில விட்டேன்.

அக்கா: அது மறுபடி உள்ளதானே வந்துச்சு.

தங்கை: ...ஞாபகம் இல்லன்னே.

அக்கா: மணி என்ன?

தங்கை: பத்து அம்பது. அக்கா, விளக்கை எடுத்து வெளியில வை. அவங்க வந்ததும் காட்டிடலாம்.

அக்கா: வேண்டாம்.

தங்கை: அப்ப நான் திருடின்னு போகட்டுமா?

அக்கா: முப்பது வருஷம்டி எனக்கு. புருஷன், புள்ளை எதுவும் இல்லாம இந்தப் பித்தளையோடயே குடித்தனம் பண்ணியிருக்கேன். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு சொத்து. என் கண்ணு தப்பாப் பாக்காதுன்னு நாலு பேர் சொல்றது. அடுத்த மாசம் என் நகைக் கண்காட்சி. அழைப்பிதழ் அடிச்சாச்சு. அட்டையில எது இருக்குன்னு நெனக்கறே?

தங்கை: அந்துப்பூச்சியா?

அக்கா: அந்துப்பூச்சிதான். பெல் அடிக்குது.

தங்கை: கேட்டுச்சு.

அக்கா: சீக்கிரமே வந்துட்டாங்க. நீ... நீ என்ன சொல்லப் போறே?

தங்கை: விடுக்கா. பாத்துத்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன்.

அக்கா: என்னது?

தங்கை: உன் வயசுல உனக்கு வேற எதுவும் புதுசா ஆரம்பிக்க வராது. எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு, பொம்மைக்குச் சாயம் அடிச்சாவது பிழைச்சுக்குவேன். போ, கதவைத் திற. ரெண்டாவது பெல்லும் அடிச்சாச்சு.

அக்கா: ...வாங்க மேடம். இப்படி வாங்க, இந்த ரூம்தான். செருப்போடயே வரலாம்.

வந்தவர்: நன்றி. சட்டப் பிரிவுல இருந்து வர்றேன். அடேங்கப்பா... சுவரே தெரியல, எல்லாம் டிராயரா? நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? நீங்க வர வேண்டியதில்லைன்னு சொல்லியிருந்தோமே.

தங்கை: எங்க அக்கா வீடு மேடம். டீ குடிக்க வந்தேன்.

வந்தவர்: சரி, குடிங்க. ஆனா நான் கேக்கறவரைக்கும் குறுக்கே பேச வேண்டாம். அம்மா, அந்த ப்ரூச்சைக் கொஞ்சம் பாக்கலாமா?

அக்கா: இந்தாங்க.

வந்தவர்: ம்... மடங்கின சிறகு, அஞ்சு கல்லு, வளைவு. ஒளிச்சுச் சொல்ல ஒண்ணுமில்ல, எங்க நகை அப்படியே இதேதான். இது உங்க கைக்கு எப்ப வந்துச்சு?

அக்கா: எட்டு வருஷம் முன்னாடி. சந்தையில.

வந்தவர்: எங்க நகையை வரைஞ்சது போன வருஷம். அப்ப இதுதான் முந்தினது. புஸ்தகத்துல எழுபது வருஷப் பழசுன்னு போட்டிருக்கீங்க. எதை வெச்சுச் சொன்னீங்க?

அக்கா: கல்லு... கல்லு பழசு.

வந்தவர்: கல்லு மட்டுமா?

அக்கா: களிம்பு பூத்திருக்கு, பாருங்க.

வந்தவர்: ஆமா. எழுதிக்கறேன். ‘கல், களிம்பு.’ உங்க பேர்ல இருக்கற மரியாதைக்கு இது போதும்மா. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா...

தங்கை: மேடம், அக்காவைக் கேக்க வேண்டாம். நானே சொல்லிடறேன். நான் இந்தப் படத்தைப் பாத்துத்தான்...

அக்கா: நீ சும்மா இரு.

தங்கை: அக்கா, வேண்டாம்...

அக்கா: சும்மா இருன்னேன்! மேடம், கையெழுத்து இருக்கட்டும். அதை உங்க கோட்டுல குத்திப் பாருங்க.

வந்தவர்: எதுக்கு?

அக்கா: சும்மா. குத்திக்கத்தானே செஞ்சது.

வந்தவர்: சரி... என்ன இது, ஊசி திறக்க வரலையே. துருப் பிடிச்சிருக்கா?

அக்கா: துருவெல்லாம் இல்ல.

வந்தவர்: நகம் உடைஞ்சுடும் போல இருக்கே. விரல் அந்தப் பக்கமே போகல.

அக்கா: கையை மாத்துங்க.

வந்தவர்: ...அட! வந்துடுச்சு.

அக்கா: இந்த ரூம்ல இன்னும் நானூத்திப் பதினேழு இருக்கு. எதை வேணா எடுங்க. எல்லாத்துலயும் ஊசியோட கீல் ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம், வலது கைக்குத் தோதா இருக்கும். இது ஒண்ணுல மட்டும் மாறி இருக்கு. கையால செய்யறவங்க தன் நெஞ்சுல வெச்சுக் குத்திப் பாத்துட்டுத்தான் கீலைப் பத்த வெப்பாங்க. தன் கைக்கு எது சுலபமோ அப்படி. இப்ப உங்க கம்பெனியில கீலை மெஷின் வெக்குது, அதனால அந்த அடையாளம் விழறதில்ல.

வந்தவர்: அப்ப இதைச் செஞ்சவர் இடது கைக்காரர்னு சொல்றீங்க.

அக்கா: அதோ நிக்கறாளே. டீ கப்பை எந்தக் கையில பிடிச்சிருக்கான்னு பாருங்க.

தங்கை: ...அக்கா.

வந்தவர்: அம்மா, இடது கைக்காரங்க ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. இதை வெச்சு நான் என்னன்னு எழுத?

அக்கா: மூணாவது டிராயர்ல ஊதா விளக்கு இருக்கு. பேட்டரி போட்டே இருக்கு. கல்லைச் சுத்திக் காட்டுங்க. பசை எந்தக் காலத்துதுன்னு அதுவே சொல்லும். எப்படிப் பழசாக்கினா, எந்த டப்பாவுல எத்தனை வாரம் வெச்சான்னு அவகிட்டக் கேளுங்க, ஒண்ணு விடாமச் சொல்லுவா. பழசுன்னு போட்டது தப்புன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

வந்தவர்: இதை வெளியில சொன்னா உங்க பேர் என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?

அக்கா: தெரியும்.

வந்தவர்: இது எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு? இப்பவா?

அக்கா: சந்தையில அந்தக் கிழவன் என் கையில கொடுத்தப்பவே. குத்திப் பாக்கலாம்னு எடுத்தேன். திறக்கல. கையை மாத்தினேன். திறந்துச்சு.

தங்கை: ...அன்னிக்கேவா?

அக்கா: அன்னிக்கே. உன் பூச்சின்னும் தெரிஞ்சுது, உன் கைன்னும் தெரிஞ்சுது. வீட்டுக்குக் கொண்டாந்து உன் முன்னாடி வீசி எறியணும்னுதான் வாங்கினேன். பஸ்ஸுல வர்ற வழியில நாலு தடவை எடுத்து எடுத்துப் பாத்தேன். எறிய மனசு வரல.

தங்கை: எல்லாம் தெரிஞ்சுமா அறுபத்தி மூணாம் பக்கத்துல செய்தவர் பெயர் தெரியவில்லைன்னு எழுதினே?

அக்கா: உன் பேரைப் போட்டிருந்தா, புஸ்தகத்து அட்டையில இருக்கற என் பேரை யாருடி படிச்சிருப்பா?